கதை வேற, குடும்பம் வேற

நெல் அவிக்கிற நாளில் அம்மா விடியறதுக்கு முன்னாடியே ஆண்டை வீட்டுத் தோட்டத்துக்குப் போயிடும். அண்டாவில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். காக்கா, கோழி வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்கிற வரைக்கும் அதுதான் வேலை. மதியத்துக்கு மேல் ஆண்டை வீட்டம்மா தோட்டத்து வாசற்படியில் உட்கார்ந்து, கண் மங்கிப்போன மாமியாருக்குத் தொடர்கதை படித்துக் காட்டும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்த புத்தகங்கள். சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன், யவன ராணி, கடல் புறா. படித்தது மாமியாருக்காக. வெயிலில் நெல்லைக் கிளறிக்கொண்டே அம்மாவும் கேட்டது.

ராத்திரி எங்களுக்கு அந்தக் கதை வந்து சேரும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டதை அப்படியே சொல்கிற பழக்கமும் கிடையாது. அம்மா சொன்ன கதையில் சிவகாமி கடைசியில் கோயிலுக்குப் போகவில்லை. மாமல்லன் பாண்டிய ராஜா மகளைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும், "போடா, நீயும் உன் சிம்மாசனமும்"னு சொல்லிட்டு அப்பங்கூட கல்லு ஒடைக்கப் போயிடும். நான் வளர்ந்து, நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் படித்தபோதுதான் கல்கியின் சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. ஏமாந்துபோன மாதிரி இருந்தது. அம்மாவின் முடிவுதான் சரி என்று அன்றைக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், எங்கள் தெருப் பையன் ஒருத்தனும் ஊர்த்தெருப் பெண் ஒருத்தியும் சேர்ந்து போய்விட்டார்கள். பக்கத்து ஊர் ஹைஸ்கூலில் ஒன்றாகப் படித்தவர்கள். யவன ராணி புத்தகம் இரண்டு பேர் கையிலும் மாறி மாறி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். நாலாம் நாள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பையனின் அப்பாவை வேப்பமரத்தில் கட்டினார்கள். எங்கள் தெருவுக்கு அபராதம். அறுப்புக்கு எங்கள் ஆளை யாரும் கூப்பிடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. பெண்ணுக்குப் பதினைந்தே நாளில் மாமன் மகனோடு கல்யாணம். பெங்களூர்ப் பக்கம் ஓடிப்போன பையன் திரும்பி வரவேயில்லை.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அம்மா மறுபடி நெல் அவிக்கப் போனது. அதே வாசற்படி, அதே புத்தகம். யவன ராணிக்காக அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டது. "ஏம்மா, கப்பல்ல வந்தவளுக்கு இந்த அழுவ அழுவறீங்களே. நம்மூருப் பொண்ணு பாவம் இல்லீங்களா?" அந்தம்மா கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னது: "கதை வேற, குடும்பம் வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத."

அன்று ராத்திரி அம்மா கதை சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. "அந்தக் கப்பல்ல வந்த பொம்பளைக்குத் தண்ணி யாரு மொண்டு குடுத்தாங்க? எந்தக் கெணத்துல? அத எழுதியிருக்கானா பாரு."

பார்த்தேன். நான் தேடியவரைக்கும் எழுதியிருக்கவில்லை.

*

கதை வேறு, குடும்பம் வேறு என்ற அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, அந்தம்மாவின் கண்ணீர் போலி, ஆதிக்கசாதிப் பாசாங்கு என்பது. இன்னொன்று, இந்தச் சரித்திர நாவல்கள் எல்லாம் மேல்சாதிக்காரர்கள் மன்னர் புகழ் பாட எழுதிய குப்பை, தூக்கிப் போடு என்பது. இரண்டையும் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீர் போலி இல்லை என்று எனக்குத் தெரியும். புத்தகத்தைக் குப்பை என்றால், வெயிலில் நின்றபடி அதைக் கேட்டுவந்து ராத்திரி எங்களுக்குச் சொன்ன அம்மாவின் ஆசையையும் குப்பை என்று சொன்னதாகிவிடும்.

ஆகவே கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது. எல்லை தாண்டிய காதலைக் கதையில் உருகி உருகி ரசிக்கிற மனசு, அதே காதல் நான்கு தெரு தள்ளி நடந்தால் ஏன் அரிவாளை எடுக்கிறது? இங்கே இரண்டு மனசு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரே மனசுதான். அப்படியானால், அரிவாளுக்கு எந்தத் தொந்தரவும் வராதபடி அந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

சாண்டில்யனின் யவன ராணியை எடுத்துக்கொள்வோம். புகார்க் கடற்கரையில் ஒதுங்கிய யவனப் பெண், சோழப் படைத்தலைவன் இளஞ்செழியன். மொழி வேறு, நிறம் வேறு, தெய்வம் வேறு. கடல் புறாவில் கருணாகரத் தொண்டைமானுக்குக் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி. அட்சயமுனையின் மஞ்சளழகியும் உண்டு. வாசகர்களுக்கு இது பெரிய எல்லை தாண்டலாகத் தெரிந்தது. குமுதத்தில் அந்தத் தொடர்களுக்காகக் காத்துக்கிடந்த தலைமுறை ஒன்று இருந்தது.

ஆனால் கடலைத் தாண்டி வருகிறவள் தன்னந்தனியாக வருகிறாள். அவளோடு அவள் தெரு வருவதில்லை. அவள் அண்ணன் தம்பிகள் ஏரித்தண்ணீரில் முறை கேட்பதில்லை. அவள் சித்தப்பன் நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் வந்து உட்காருவதில்லை. அவள் அம்மா செத்தால் நாம் போய்ப் பிணத்துக்குத் தோள் கொடுக்க வேண்டியதில்லை. தெருவைத் தாண்டுகிற காதலில் இது எல்லாமே வந்து நிற்கும். நேற்றுவரை நம் களத்தில் நெல் கிளறியவளை நாளைக்கு "வாங்க சம்மந்தி" என்று கூப்பிட வேண்டிவரும்.

சாதி பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். காதலைக்கூட அது எப்படியோ பொறுத்துக்கொள்ளும், சம்பந்தியைப் பொறுக்காது. இரவில் சேரிக்குள் நுழைந்த ஆண்டைகளின் கதை நம் எல்லாத் தெருவிலும் உண்டு. அதை யாரும் பண்பாட்டு எல்லை தாண்டல் என்று சொன்னதில்லை, அதற்காக ஊர்க்கூட்டம் போட்டதில்லை. ஏனென்றால் அதில் சம்பந்தி கிடையாது. நம் பெண்கள் பட்ட அந்தக் கொடுமையைக் காதல் என்று எழுதாமல் விட்டார்களே என்று வேண்டுமானால் நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்குக் கட்டுரை வாசித்த இளைஞர் அம்பேத்கர் இதை அன்றைக்கே பிடித்துவிட்டார். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி, அதைக் காப்பாற்றத்தான் சமூகம் பெண்ணின் வாழ்வைக் கட்டிப்போடுகிறது என்றார். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதிய சாதி ஒழிப்பு உரையில் கலப்பு மணத்தை மருந்தாகச் சொன்னபோது, ரத்தம் கலந்தால்தான் உறவினர் என்ற உணர்வு வரும், அந்த உணர்வு வராதவரை அந்நிய உணர்வு போகாது என்று காரணம் சொன்னார். அதோடு நிற்காமல், அந்த மணத்தைத் தடுக்கிற சாஸ்திரங்களின் புனிதத்தை உடைக்காமல் மருந்து வேலை செய்யாது என்றும் எழுதினார். கூப்பிட்டவர்கள் சாதி ஒழிப்பையே பெயராக வைத்திருந்த சங்கத்தார். உரையைப் படித்துப் பார்த்துவிட்டு மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் சொந்தச் செலவில் அச்சடித்து வெளியிட்டார். கதை வேற, குடும்பம் வேற என்பதை லாகூர்க்காரர்கள் அவர்கள் பாஷையில் சொல்லியிருக்கிறார்கள்.

*

நாவல்களை விட்டு நிஜமான சரித்திரத்துக்கு வந்தாலும் இதே விஷயம்தான். ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கைதேவி வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் ராஜராஜ நரேந்திரனுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டாள். அவர்களுக்குப் பிறந்தவன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். கடல் புறா அந்தக் காலத்துக் கதைதான். தமிழும் தெலுங்கும் கலந்தன, இரண்டு நாடு கலந்தது, இரண்டு பண்பாடு கலந்தது. ஒரு சேரியும் எரியவில்லை. பண்பாடு வேறாக இருந்தாலும் படி ஒன்றாக இருந்தது. ராஜா வீட்டுக்கும் ராஜா வீட்டுக்கும் நடந்த சம்பந்தம் அது. நம் நாட்டில் தாண்ட முடியாத கோடு மொழிக்கும் மொழிக்கும் நடுவில் கிடக்கவில்லை. ஒரே மொழி பேசி, ஒரே மாரியம்மனைக் கும்பிட்டு, ஒரே கேழ்வரகைக் கூழாக்கிக் குடிக்கிற இரண்டு தெருவுக்கு நடுவில் கிடக்கிறது.

அந்தத் தெரு அந்தக் காலத்திலும் இருந்தது. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்களில் வரி விதிக்காமல் ஒதுக்கிய நிலங்களைக் கணக்குப் போடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்கி அந்த ராஜராஜனின் இளமைக் கதையை 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு எழுதினார். ஐந்து பாகம். வந்தியத்தேவனின் குதிரை சோழநாட்டில் எங்கெங்கோ ஓடுகிறது. தீண்டாச்சேரிப் பக்கம் ஓடியதாக எனக்கு நினைவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு பாகப் படத்திலும் அந்தக் குதிரைக்கு வழி தெரியவில்லை.

கீழே இருக்கிறவர்களோடு காதல் வரத்தான் செய்கிறது இந்தக் கதைகளில். ஆனால் அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பிறப்பு ரகசியம். கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலி பூ விற்கிற சேந்தன் அமுதனைக் கைப்பிடிக்கிறாள். அப்பாடா, இரண்டு ஏழைகள் சேர்ந்தார்கள் என்று நாம் நினைக்கும்போது, அவன்தான் கண்டராதித்தரின் உண்மையான மகன், வருங்காலச் சோழ மன்னன் என்று தெரிகிறது.

இது கல்கி கண்டுபிடித்ததில்லை. நம் சாமிகள் கதையிலேயே இந்தக் கைவரிசை நடந்திருக்கிறது. பொம்மண நாயக்கன் மகள் பொம்மியைக் கொண்டுபோன மதுரை வீரன் சக்கிலியர் வீட்டுப் பிள்ளை. பிறகு கதையில், அவன் காசி ராஜாவுக்குப் பிறந்தவன், சகுனம் சரியில்லையென்று காட்டில் விடப்பட்டவன் என்று ஒரு தொடக்கத்தைச் சேர்த்துவிட்டார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொண்டது. காதலிக்கலாம், சாகலாம், சாமியாகவும் ஆகலாம். பிறந்த இடத்தை மட்டும் பிடுங்கிக்கொள்வார்கள்.

இதைவிடப் பழைய தந்திரம் ஒன்று மனுவில் இருக்கிறது. சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவனே சண்டாளன், மனிதரில் கடையன் என்கிறது அந்த நூல். மேலே இருக்கிற ஆண் கீழே இருக்கிற பெண்ணை எடுத்துக்கொண்டால் அனுலோமம், பொறுத்துக்கொள்ளலாம். கீழே இருக்கிற ஆணை மேலே இருக்கிற பெண் விரும்பினால் பிரதிலோமம், அதன் பிள்ளைக்கு ஊருக்கு வெளியேதான் வீடு. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. தீண்டாமைக்கு அவர்கள் கற்பித்த மூலக்கதையே எல்லை தாண்டிய ஒரு காதல் கதைதான். தண்டனையாக நம்மைப் படைத்தார்களாம். தீண்டப்படாதார் யார் என்று 1948இல் புத்தகமே எழுதி அம்பேத்கர் இந்த மூலத்தை மறுத்து வேறு வரலாற்றைத் தேடினார். ஆனால் மனுவின் அந்தக் கதை இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் தலித் இளைஞன் ஒருவனையும் அவனை மணந்த பெண்ணையும் நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வருவதற்கு 2021 ஆகிவிட்டது. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஜனங்கள் பார்க்க, காமிரா பார்க்க வெட்டினார்கள். வெட்டியவர்கள் வீட்டிலும் யாராவது யவன ராணிக்காக அழுதிருப்பார்கள்.

*

அப்படியென்றால் எல்லை தாண்டிய காதலை எழுதவே முடியாதா? முடியும். நம் ஜனங்கள் பாடியிருக்கிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் முத்துப்பட்டன் கதை என்று ஒரு வில்லுப்பாட்டு. நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். பிராமணனான பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேரையும் பார்த்து ஆசைப்படுகிறான். நேராகப் பகடையிடம் போய்ப் பெண் கேட்கிறான். அங்கேதான் இந்தக் கதை சாண்டில்யனிடமிருந்து பிரிகிறது. பெண்ணின் அப்பன் நிபந்தனை போடுகிறான். பூணூலை அறுத்துப் போடு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், அப்புறம் வா. பட்டன் செய்கிறான். தோலை எடுத்துத் தைக்கிறான், மாமனார் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான்.

இந்தக் கதையிடம் அம்மாவின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் யார் கொடுத்தது? பகடை வீட்டில். குடியிருந்தது எந்தத் தெரு? அவர்கள் தெரு. மேலே இருந்தவன் ராணியாக்குகிறேன் வா என்று அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவன் இறங்கி வந்தான். இறங்கியதற்கு விலை கொடுத்தான். பகடையைச் சம்பந்தம் பேசத் தகுந்த மனிதனாக, "இதைச் செய்தால்தான் பெண் தருவேன்" என்று சொல்லக்கூடிய தகப்பனாக அந்தப் பாட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறது. பாபநாசம் மலையில் சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே பட்டவராயன் சாமிக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. கோயிலுக்கு வெளியே கழற்றிப் போட வேண்டிய செருப்பு!

இந்தக் கதையையும் அவர்கள் சும்மா விடவில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு வடிவம் பாடப்படுகிறது. அதே பிறப்பு ரகசியம். நம் பக்கத்திலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பட்டன் செத்ததும் அந்த இரண்டு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். ஆணின் சாதியை உடைத்த பாட்டுக்குப் பெண்ணை உயிரோடு விட மனசு வரவில்லை. அம்மாவிடம் இந்தக் கதை கிடைத்திருந்தால் அந்த முடிவையும் மாற்றியிருக்கும்.

அம்மா செய்த காரியத்துக்கு மறுவாசிப்பு என்று பேர் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. கேட்ட கதையில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, சகிக்காததைத் தள்ளிவிட்டது. அம்மாவை அந்தக் கதைகளில் இழுத்தது எது என்று இப்போது யோசித்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. எவளோ ஒருத்தியை, யார் பெண் என்று கேட்காமல், அவளுக்காகவே ஒருவன் திரும்பிப் பார்க்கிறானே, அந்த ஒரு நிமிஷம். ஆண்டை வீட்டம்மாவுக்கும் அதே நிமிஷம்தான் கண்ணீரை வரவழைத்திருக்க வேண்டும். அந்தம்மாவையும் யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினைந்து வயசில் சொந்தத்தில் கட்டிக் கொடுத்திருப்பார்கள். ஆசை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதைக் கடலுக்கு அந்தப்பக்கம் அனுப்பிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்க அந்தம்மாவால் முடிந்தது. அம்மாவுக்கு அது முடியவில்லை. வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்தவர் அம்மாவுக்கு அண்ணன் முறை.

*

இதோடு நிறுத்தினால் இதுவும் சுகமான ஒரு கட்டுரையாகிவிடும். நம் தெருவுக்கும் வருவோம்.

சில வருஷங்களுக்கு முன் என் அக்கா மகள் ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றாள். அருந்ததியர் வீட்டுப் பையன். எங்களைவிடக் கீழே என்று எங்கள் தெரு காலங்காலமாக நினைத்துக்கொண்டிருக்கிற ஜனம். சாதி ஒழிப்பு மேடைகளில் இருபது வருஷம் பேசிய நான் அவளிடம் சொன்னது: "பையன் நல்ல பையன்தான். ஆனாலும் நாலு பேரைக் கலந்துக்கணும், கொஞ்சம் யோசிக்கலாம்." அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்ன வார்த்தைக்கும் தோட்டத்து வாசற்படியில் சொன்ன வார்த்தைக்கும் என்ன வித்தியாசம்? மேடை வேற, குடும்பம் வேற. அவ்வளவுதான்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தது. எண்பதைத் தாண்டிய வயசு. பையனை வீட்டுக்கு வரச் சொன்னது. அவன் அவனுடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தம்மா நகராட்சியில் துப்புரவு வேலை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றது. எங்கள் வீட்டு வாசலில் ஒருத்தர் அப்படி நிற்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து அந்தம்மா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது: "எங்க ஊரு தண்ணி கொஞ்சம் உப்பு. பழகிக்கணும். உள்ள வாங்க சம்மந்தி."

கல்யாணம் நடந்தது. தெருவில் சில வீட்டுக்காரர்கள் சாப்பிட வரவில்லை. இன்றைக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களோடு பேசுவதில்லை.

சரித்திர நாவல் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கப்பல் விடுங்கள், குதிரை விடுங்கள், ராணியைக்கூடக் கொண்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் சேர்ந்த பிறகு எந்தத் தெருவில் குடிபோனார்கள், யார் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், அந்த வீட்டுக்கு முதலில் யார் சாப்பிட வந்தார்கள், யார் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். அதை எழுதப் போனால் தீண்டாச்சேரிக்குள் போகாமல் முடியாது.